வீட்டில் ஒயினும் பீரும்: குடும்ப நேரத்தோடு மோதாமல் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒயினோ பீரோ தயாரிக்கத் தொடங்குபவருக்குச் செய்முறைக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஈஸ்ட், எத்தனை நாள் என்பதையெல்லாம் எந்த அறிமுகக் கையேடும் சொல்லிவிடும். அடுப்பை ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டால் அன்றைய சமையலுக்கு என்ன வழி, அறையின் மூலையில் குமிழி விடும் கேன் எத்தனை வாரம் அங்கேயே கிடக்கும், குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் நாளில் திராட்சைக் கூழ் பொங்கிக்கொண்டிருந்தால் அதை யார் கிளறுவது என்ற கேள்விகளுக்குத்தான் அவற்றில் பதில் கிடைப்பதில்லை. இந்தப் பொழுதுபோக்கு பாதியில் கைவிடப்படுவதற்கு ருசி கெடுவதைவிட வீட்டில் எழும் சலிப்பே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இந்த வழிகாட்டி ஒரே கணக்கின் மீது நிற்கிறது. நொதித்தல் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு. கை வைக்க வேண்டிய நேரம் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த நேரத்தில் ஒரு பகுதியை எக்காரணம் கொண்டும் ஒத்திவைக்க முடியாது. மற்றொரு பகுதியை வாரக் கணக்கில் ஒத்திவைத்தாலும் குடி முழுகிவிடாது. இரண்டையும் பிரித்தறிந்து, ஒத்திவைக்க முடியாத மணி நேரங்களை மட்டும் வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டால் மீதி தானாக நடக்கும்.

தொடங்கும் முன்: சட்டமும் சம்மதமும்

வீட்டில் மது தயாரிப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, மாநிலத்துக்கு மாநிலமும் வேறுபடும். சில இடங்களில் சொந்தப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற வரம்போடு அனுமதி உண்டு. சில இடங்களில் உரிமம் வேண்டும். சில இடங்களில் முற்றிலும் தடை. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு பாத்திரம்கூட வாங்க வேண்டாம். அனுமதி உள்ள இடங்களிலும் அது பெரும்பாலும் நொதித்தலுக்கு மட்டுமே. ஆவியாக்கி வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம், தீ விபத்துக்கும் வழி. இந்த வழிகாட்டி அந்தப் பக்கம் போகாது.

வீட்டுச் சம்மதம் அதைவிட நுட்பமானது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் வீட்டில் இருந்தால், கூடத்தில் நொதிக்கும் கேன் அவருக்கு என்ன செய்யும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அத்தகைய வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே சரி என்று நினைக்கிறேன். மற்ற வீடுகளில் பொதுவாக "செய்யலாமா" என்று கேட்பதைவிட, "மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை அடுப்பும் தொட்டியும் வேண்டும், அலமாரியின் கீழ்த்தட்டு ஒரு மாதம் வேண்டும்" என்று திட்டமாகக் கேட்பது நல்லது. எல்லை தெரிந்த கோரிக்கைக்குச் சம்மதம் கிடைப்பது எளிது.

படி 1: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

ஒரு தயாரிப்பில் உள்ள எல்லா வேலைகளையும் ஒரு தாளில் மூன்று வகையாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வகை, தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாதவை. பீரில் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) வெந்நீரில் ஊறவைப்பது முதல், வடித்து, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் இடுவது வரை எல்லாம் இதில் சேரும். ஆறிய மால்ட் சாறு எந்த நுண்ணுயிருக்கும் பிடித்த உணவு. ஈஸ்ட் குடியேறும் முன் பாக்டீரியா குடியேறிவிட்டால் அது புளித்துப்போகும். ஒயினில், பழத்தை நசுக்கும் நாள் இந்த வகை. நசுக்கிய பழத்தை அப்படியே இரண்டு நாள் விட்டால் தோலில் ஏற்கெனவே இருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். பழ ஈக்கள் வந்தால் வினிகர் பாக்டீரியாவையும் கூடவே கொண்டுவரும்.

இரண்டாம் வகை, தினமும் சில நிமிடங்களே எடுப்பவை, ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாதவை. சிவப்பு ஒயின் நொதிக்கும் முதல் வாரத்தில் தோல்களெல்லாம் மேலே மிதந்து தடித்த மூடியாகிவிடும்; அதை ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று முறை கீழே அழுத்திவிட வேண்டும். பீரில் இந்த வேலை இல்லை. வெப்பநிலையைப் பார்ப்பது மட்டும்தான். வேலைக்குப் போய்வரும் குடும்பத்தாருக்குப் பீர் இந்த ஒரு விதத்தில் ஒயினைவிட இலகுவானது.

மூன்றாம் வகை, காத்திருக்கக்கூடியவை. நொதித்து முடிந்த பீர், மூடிய பாத்திரத்தில் அடி ஈஸ்ட்டின் மேலேயே இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக இருந்தாலும் கெடாது. அதைப் பாட்டிலில் அடைக்க அடுத்த விடுமுறை நாள் வரை பொறுக்கலாம். வண்டல் பிரித்து, கழுத்து வரை நிரப்பி, ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத நீரடைப்பு) பொருத்திய ஒயின் மாதக் கணக்கில் பொறுக்கும்.

இந்த மூன்றாம் வகையில் ஒரு பொறி உண்டு. நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவே திரவத்தைக் காற்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கும். நொதித்தல் ஓய்ந்தபின் அந்தக் காவல் இல்லை. பாதி நிரம்பிய கேனில் ஒயினை விட்டுவிட்டு "அது காத்திருக்கும்" என்று நினைத்தால், உள்ளே தேங்கிய காற்று சில வாரங்களிலேயே அதன் மணத்தைத் தின்றுவிடும். ஆகவே நொதித்தல் முடிந்ததும் ஒரு முறை நிரப்பிவிடுவது முதல் வகையைச் சேர்ந்த வேலை. அதற்குப் பிறகுதான் நிம்மதி.

படி 2: அளவு

பெரும்பாலான செய்முறைகள் 19 முதல் 23 லிட்டர் வரையிலான அளவுக்கே எழுதப்பட்டிருக்கின்றன. குடும்பத்தோடு இருப்பவர் முதல் ஆண்டில் அந்த அளவைத் தொடாமல் இருப்பது நல்லது. 20 லிட்டர் ஒயினுக்குச் சுமார் 30 கிலோ திராட்சை வேண்டும். கைக்கு வருவது 750 மில்லி பாட்டில்கள் இருபத்தாறு. 20 லிட்டர் பீர் என்றால் 330 மில்லி பாட்டில்கள் அறுபது. அவற்றைக் கழுவ வேண்டும், கிருமி நீக்க வேண்டும், உலர்த்த வேண்டும், எங்கேயாவது அடுக்க வேண்டும். நிரம்பிய 20 லிட்டர் பாத்திரம் 20 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. கண்ணாடிக் கார்பாயாக (குறுகிய வாயுள்ள பெரிய குடுவை) இருந்தால் இன்னும் கூடும்.

5 லிட்டர் அளவில் செய்தால் வீட்டு அடுப்பும் வீட்டுப் பாத்திரமும் போதும். ஆறவைக்கத் தனிக் கருவி வேண்டாம். தொட்டியில் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் போட்டுப் பாத்திரத்தை வைத்தாலே அரை மணி நேரத்தில் ஆறிவிடும். கெட்டுப்போனாலும் கொட்டிவிடலாம். ஒரே குறை, உழைப்புக்கு ஏற்ற அளவு கிடைக்காது என்பது: கொதிக்கவைக்கும் ஒரு மணி நேரம் 5 லிட்டருக்கும் ஒரு மணி நேரம்தான், 20 லிட்டருக்கும் ஒரு மணி நேரம்தான். கை பழகியபின், வீட்டாரும் பழகியபின் அளவைக் கூட்டுவது பற்றி யோசிக்கலாம். 10 லிட்டரில் நின்றுவிடுவது பலருக்கு நல்ல இடம்.

படி 3: இடம்

நொதிக்கும் பாத்திரத்துக்கு நான்கு குணங்கள் உள்ள இடம் தேவை: இருட்டு, நிலையான வெப்பநிலை, காற்றோட்டம், யாரும் தடுக்கி விழாத தன்மை. வீட்டில் நான்கும் ஒரே இடத்தில் அமைவது அரிது என்பதால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இருட்டை எளிதில் உருவாக்கலாம்; ஒரு கருப்புத் துணி போதும். ஹாப்ஸ் சேர்ந்த பீரில் வெளிச்சம் பட்டால் துர்நாற்றம் உண்டாகும் என்பதால் அந்தத் துணியை மறக்கக் கூடாது. வெப்பநிலைதான் விட்டுக்கொடுக்கக் கூடாதது. ஏல் வகைப் பீர் ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக நடந்துகொள்ளும். சிவப்பு ஒயின் 20 முதல் 30 வரை தாங்கும். நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், பாத்திரத்தின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். எனவே சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பாமல் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டும் பட்டை வெப்பமானியைப் பாருங்கள். பாத்திரத்தை ஓர் அகலத் தொட்டி நீரில் வைத்து, ஈரத் துணி சுற்றி, சிறு மின்விசிறி காட்டினாலே சில டிகிரி இறங்கும்.

வெப்பமான வீட்டில் இந்தப் போராட்டம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டுவந்த க்வைக் ஈஸ்ட்டை நாடலாம். அது 30 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பத்திலும் கெட்ட வாடை தராமல் நொதிக்கும். பல சமயம் ஒரு வாரத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். குளிர்பெட்டி வைக்க இடம் இல்லாத குடும்பத்துக்கு எந்தக் கருவியையும்விட இந்த ஈஸ்ட் பெரிய உதவி.

காற்றோட்டத்தை அலட்சியமாக எண்ண வேண்டாம். 20 லிட்டர் திராட்சைச் சாறு முழுதாக நொதித்து முடியும்போது ஆயிரம் லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். அது ஒரு வாரத்துக்கும் மேலாகப் பரவி வருவதால் திறந்த அறையில் ஆபத்து இல்லை. ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது; சன்னலில்லாத சிறு அறையில், அதுவும் பல பாத்திரங்கள் ஒன்றாக நொதித்தால், தரையோரம் தேங்கும். யாரும் உறங்கும் மூடிய அறையில் வைக்க வேண்டாம்.

பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிழிந்த சக்கையையும் கொதித்த ஹாப்ஸையும் திறந்த குப்பைக் கூடையில் போடாமல், உடனே கட்டி வெளியேற்றுங்கள். கிருமிநீக்கிகளைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். வீட்டுச் சலவைக்கு வைத்திருக்கும் குளோரின் பிளீச்சை அமிலம் கலந்த கிருமிநீக்கியோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். கண்ணாடிக் கார்பாய் ஈரக் கையில் வழுக்கி உடைந்தால் ஆழமான வெட்டுக்காயம் நிச்சயம் என்பதால், சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்குப் பிளாஸ்டிக் பாத்திரமே என் பரிந்துரை.

படி 4: நாட்காட்டி

நாட்காட்டியைப் பின்னிருந்து முன்னாக நிரப்ப வேண்டும். சாதாரண ஏல் பீருக்கு இரண்டு வாரம் நொதித்தல், பாட்டிலில் அடைத்தபின் வாயு ஏற இரண்டு முதல் மூன்று வாரம். இடையில் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டால், கொதிக்கவைக்கும் நாளுக்கும் குடிக்கும் நாளுக்கும் இடையே ஆறு வாரம். ஒயினுக்கு: நசுக்கும் நாள், அதையடுத்து ஏழு முதல் பத்து நாள் கிளறல், பிழியும் நாள், பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்தில் முதல் வண்டல் பிரிப்பு, அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடைசியில் ஒன்பது மாதமோ ஓர் ஆண்டோ கழித்துப் பாட்டில்.

இதில் குடும்ப நாட்காட்டியோடு ஒப்பிட வேண்டியவை முதல் வகையும் இரண்டாம் வகையும் மட்டுமே. பிள்ளைகளின் தேர்வு வாரம், விருந்தினர் வருகை, துணைவருக்கு அலுவலகத்தில் நெருக்கடியான வாரம் ஆகியவற்றில் ஒயின் நசுக்கும் நாளை வைக்காதீர்கள். ஏனென்றால் அந்த ஒரு நாளைத் தொடர்ந்து பத்து நாள் கிளறலும் வந்து சேரும். இரண்டு தயாரிப்புகள் ஒரே சமயத்தில் நடக்கலாம், ஆனால் அவற்றின் முதல் வகை வேலைகள் ஒரே வாரத்தில் விழக் கூடாது. ஒயின் வண்டல் பிரிக்கும் சனிக்கிழமையிலேயே பீரும் கொதிக்கட்டும் என்ற ஆசை, இரவு பத்து மணிக்குக் கழுவாத பாத்திரக் குவியலில் போய் முடியும்.

நாட்காட்டி வீட்டார் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். கேனின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: உள்ளே என்ன, எப்போது தொடங்கியது, அடுத்த வேலை என்ன, எந்தத் தேதிக்குள். நீங்கள் இல்லாத நாளில் வேறொருவர் படித்துச் செய்யும் அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும்.

படி 5: பீர் கொதிக்கும் நாள்

மால்ட் தானியத்திலிருந்து தொடங்கினால் இந்த நாள் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் சூடேற ஒரு மணி, மால்ட் 65 முதல் 68 டிகிரியில் ஊற ஒரு மணி, வடிக்க அரை மணிக்கு மேல், கொதி வர அரை மணி, கொதிக்க ஒரு மணி, ஆற அரை மணி, கழுவ ஒரு மணி. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்ற கெட்டிப் பாகையோ தூளையோ பயன்படுத்தினால் ஊறவைப்பதும் வடிப்பதும் விழுந்துபோய், வேலை மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். எக்ஸ்ட்ராக்ட்டைத் தொடக்கநிலையாளரின் பண்டம் என்று இளப்பமாகப் பேசுவோர் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் நல்ல எக்ஸ்ட்ராக்ட்டில் செய்த பீர், செய்யாமலே விட்ட தானியப் பீரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தானியத்தை விட மனமில்லாதவர்கள் நாளை இரண்டாக வெட்டலாம். முதல் வழி, இரவே மால்ட்டை ஊறவைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வெப்பம் இறங்காமல் காத்து, விடிந்ததும் வடிப்பது. வெப்பநிலை மிகவும் இறங்கிவிட்டால் சாறு புளிக்கத் தொடங்கும் என்பதால் சுற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. நெடுநேரம் ஊறுவதால் பீர் சற்றே இனிப்புக் குறைந்து அமையும். இரண்டாம் வழி, கொதித்த சாற்றை ஆறவைக்காமல், வெப்பம் தாங்கும் உணவுத்தரப் பிளாஸ்டிக் கேனில் கொதி அடங்கியதும் ஊற்றி, காற்றில்லாமல் மூடி, மறுநாள் ஈஸ்ட் இடுவது. ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்களிடையே பரவலான முறை இது. ஆறவைக்கச் செலவாகும் தண்ணீரும் மிச்சம். ஆனால் மறுநாள் என்றால் மறுநாள்தான். நொதிக்காத மால்ட் சாற்றின் அமிலத்தன்மை போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுத்தன்மையை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுக்கும் அளவுக்கு இல்லை என்பதால், அதை வாரக் கணக்கில் சேமித்து வைக்கக் கூடாது.

எந்த வழியானாலும், கொதி வரும் அந்தப் பத்து நிமிடங்களில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சாறு முதலில் அசையாமல் கிடக்கும். விளிம்பில் பழுப்பு நுரை மெல்லக் கூடும். திடீரென்று மேற்பரப்பு முழுதும் ஒன்றாக உப்பி, கண்ணிமைப்பதற்குள் பாத்திரத்தின் வாயைத் தாண்டிவிடும். அடுப்பில் வழிந்து கருகிய மால்ட் பாகைச் சுரண்டி எடுப்பதும், அது போகும் வரை வீட்டாரின் முகத்தைப் பார்ப்பதும் கடினம். பாத்திரத்தில் நான்கில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், தீயைக் குறைத்து வையுங்கள், கையில் தண்ணீர் தெளிப்பான் வைத்திருங்கள். முதல் ஹாப்ஸ் போடும்போதும் இதே போல் ஒரு முறை பொங்கும். நுரை ஒரு முறை உடைந்து அடங்கியபின் பக்கத்து வேலையைக் கவனிக்கலாம். இந்த நேரம் முழுவதும் சிறு பிள்ளைகள் சமையலறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேறொரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாத நாளில் கொதிக்கவைக்காதீர்கள்.

கழுவுவதைக் கடைசிக்கு விடாமல் இடையிடையே முடிப்பது, இந்த நாளின் பெயரை வீட்டில் காப்பாற்றும் ஒரே செயல். மால்ட் ஊறும் மணி நேரத்தில் நொதிக்கும் பாத்திரத்தைக் கழுவுங்கள். கொதிக்கும் மணி நேரத்தில் வடிகட்டியையும் தானியப் பாத்திரத்தையும் கழுவுங்கள். ஆறவைத்து வெளியேறும் வெதுவெதுப்பான நீரைப் பிடித்துவைத்து அதிலேயே கொதித்த பாத்திரத்தைக் கழுவுங்கள். ஈஸ்ட் இட்டு மூடும்போது சமையலறை காலையில் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதையும் நினைவில் வைக்கவும்: அழுக்கு ஒட்டியிருக்கும் பரப்பில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது.

படி 6: ஒயினின் முதல் பத்து நாள்

பழத்தை எப்போது நசுக்குவது என்பதைப் பழம் தீர்மானிக்கிறது என்று சொல்வார்கள். உறைபெட்டி வைத்திருப்பவருக்கு அது உண்மையல்ல. காம்பு நீக்கிய பழத்தை உறையவைத்து, வசதியான வாரத்தில் எடுத்து உருகவிடலாம். உறையும்போது செல்கள் வெடிப்பதால் சாறும் நிறமும் எளிதில் இறங்கும். ஒத்திவைக்க முடியாத வேலையை ஒத்திவைக்கக்கூடியதாக மாற்றும் இந்த ஒரு தந்திரம், வேறு எந்தக் கருவியையும்விட அதிகமாக வீட்டு அமைதியைக் காப்பாற்றியிருக்கிறது.

நசுக்கிய கூழில் 10 லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில், காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கலந்து, ஒரு நாள் மூடிவைத்து, பிறகு ஈஸ்ட் இடுங்கள். கலக்கும்போது எழும் நெடி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். சன்னலைத் திறந்துவைத்து, அவர்கள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். ஈஸ்ட் இடும் முன் ஹைட்ரோமீட்டரில் (திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி; வெறும் தண்ணீரில் 1.000 காட்டும்) அடர்த்தியைப் பாருங்கள். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை சுமார் ஒரு விழுக்காடு ஆல்கஹாலாக மாறும்; 1.090 என்று தொடங்கி 0.995-இல் முடியும் ஒயினில் சுமார் 12.5 விழுக்காடு இருக்கும்.

பிறகு கிளறல். காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, மாலையில் வந்ததும் ஒரு முறை, உறங்கும் முன் ஒரு முறை. மூடித் துணியை விலக்கினால் தோல்கள் காய்ந்து, இறுகிய ஒரு தட்டாகத் தெரியும். கிருமி நீக்கிய நீண்ட கரண்டியால் ஓரத்திலிருந்து அழுத்தினால் கருஞ்சிவப்புச் சாறு சீறிக்கொண்டு மேலே வரும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் ஆர்வமுள்ள மற்றொரு பெரியவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். தனி ஒருவரின் பித்தாக இருந்தது, வீட்டுக்குப் பொதுவானதாக மாறத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இந்தக் கரண்டிதான். தாமதமானால் காய்ந்த தோலில் வினிகர் பாக்டீரியா குடியேறும் என்பதால், யாருக்கும் முடியாத வாரமாக இருந்தால் வெள்ளை ஒயின் முறையைத் தேர்ந்து, தோலை முதல் நாளே பிழிந்து எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்கவிடலாம். கிளற வேண்டிய அவசியமே இராது.

படி 7: வண்டல் பிரித்தல்

அடியில் படிந்த தடித்த வண்டலின் மேல் ஒயினை மாதக் கணக்கில் விட்டால் அழுகிய முட்டை வாடை வர வாய்ப்புண்டு. சைஃபன் குழாயால் (மேலுள்ள பாத்திரத்திலிருந்து கீழுள்ளதற்குத் திரவத்தைத் தானே இறக்கும் குழாய்) தெளிந்த பகுதியை மட்டும் மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். குழாயின் முனை கீழ்ப் பாத்திரத்தின் அடியைத் தொட்டிருக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து சலசலத்தால் காற்று கலக்கும். மாற்றும்போது அளவு குறையும் என்பதால் அதே வகை ஒயினையோ சிறிய பாத்திரத்தையோ தயாராக வைத்திருங்கள். முன்னிரவிலேயே கேனைத் தூக்கி மேடையில் வைத்துவிடுவது நல்லது. அசைந்த வண்டல் விடிவதற்குள் படிந்துவிடும், காலையில் அரை மணி நேர வேலைதான் மிஞ்சும்.

படி 8: பாட்டில் அடைத்தல்

அவசரம் ஆபத்தாக முடியக்கூடிய ஒரே படி இது. ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பது நொதித்தல் முடிந்ததற்குச் சான்றல்ல. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது. ஹைட்ரோமீட்டரைக் குழலில் மிதக்கவிட்டு, ஒட்டிய குமிழிகள் உதிரும்படி ஒரு சுழற்று சுழற்றி, கண்ணைத் திரவமட்டத்துக்குத் தாழ்த்தி, வளைவின் அடிவிளிம்பு தொடும் கோட்டைப் படியுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடைக்கலாம். 1.014-இல் நின்றதாக நினைத்த பீர் பாட்டிலுக்குள் 1.010-க்கு இறங்கினால், அந்த நான்கு புள்ளிகளே வழக்கமான பீரின் வாயு அளவை எட்டவைத்துவிடும். அதன்மேல் நீங்கள் சேர்த்த சர்க்கரையும் நொதித்தால் பாட்டில் வெடிக்கும். அது அலமாரியில், யாரோ அருகில் நிற்கும்போது நடக்கலாம்.

வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரை, லிட்டருக்கு 6 கிராம் போதும். 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து, ஆற்றி, மொத்தப் பீரிலும் கலந்து அடைத்தால் எல்லாப் பாட்டிலிலும் சமமாக ஏறும். அழுத்தம் தாங்கும் பாட்டில்களையே பயன்படுத்துங்கள். சாதாரண ஒயின் பாட்டில் அதற்கு உகந்ததல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பிவைத்தால், அதை அமுக்கிப் பார்த்தே மற்றவற்றின் அழுத்தத்தை ஊகிக்கலாம்.

இருவர் சேர்ந்து செய்தால் பாதிக்கும் குறைவான நேரம் ஆகும் வேலை இது: ஒருவர் நிரப்ப, ஒருவர் மூடியிட. நண்பர் ஒருவரை அழைத்துச் செய்யவும் ஏற்றது. வீட்டாரை மட்டும் வற்புறுத்தி உட்காரவைக்க வேண்டாம்.

படி 9: பயணம், நோய், திடீர் நெருக்கடி

பயணத்துக்கு முன்பு மூன்று நாளுக்குள் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. முதல் சில நாளில்தான் நுரை பொங்கி ஏர்லாக்கை அடைக்கும், மூடி தெறிக்கும், சுவரில் படியும். அந்த வேகம் அடங்கியபின், தினமும் கிளற வேண்டிய சிவப்பு ஒயினைத் தவிர மற்றவற்றை இரண்டு வாரம் விட்டுச்செல்வதில் கவலையில்லை. கிளம்பும் முன் ஏர்லாக் நீரை நிரப்புங்கள். வறண்ட வீட்டில் அது ஒரு மாதத்துக்குள் வற்றிவிடும்.

நோயோ வேலையோ குறுக்கிட்டால் எதை முதலில் விடுவது என்ற வரிசையையும் முன்பே வைத்திருங்கள். பீரை அடைப்பது, ஒயினின் இரண்டாம் மூன்றாம் வண்டல் பிரிப்பு, பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது ஆகியவற்றை விடலாம். சிவப்பு ஒயினின் கிளறலை விட முடியாது; கிளற ஆளில்லை என்றால், நாள் வரும் முன்பே பிழிந்து கேனில் ஏற்றிவிடுங்கள். நிறம் சற்றுக் குறையும், ஒயின் பிழைக்கும். எல்லாம் கைமீறினால் கொட்டிவிடுவதும் ஒரு வழிதான். சில லிட்டர் சாற்றுக்காக மருத்துவமனையிலிருந்து ஓடிவர வேண்டியதில்லை.

படி 10: இருப்பும் இடைவெளியும்

தயாரிக்கும் வேகமும் குடிக்கும் வேகமும் ஒன்றாக இராது. இடம் போதவில்லை என்பதற்காகக் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கினால் அது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. வீட்டில் இத்தனை பாட்டில் என்று ஓர் எல்லையை வகுத்து, அதற்குக் கீழே இறங்கும் வரை அடுத்ததைத் தொடங்காமல் இருப்பது, இடத்துக்கும் உடலுக்கும் நல்லது. முழு அலமாரி பூட்டோடு இருக்கட்டும். வளரிளம் பருவப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் சமரசம் வேண்டாம்.

சில மாதம் ஒதுங்கியிருக்க நேர்ந்தால் பொருள்களைக் காப்பது எளிது. உலர் ஈஸ்ட்டைக் குளிர்பெட்டியிலும், ஹாப்ஸைக் காற்று நீக்கிய பையில் உறைபெட்டியிலும் வையுங்கள். முழு மால்ட் உலர்ந்த இடத்தில் பல மாதம் இருக்கும். உடைத்த மால்ட்டைச் சில வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால் தேவைக்கு மேல் உடைக்காதீர்கள். பாத்திரங்களைக் கழுவி, முற்றிலும் உலர்த்தி, மூடியைத் தளர்த்தி வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வாடை பிளாஸ்டிக்கில் ஏறிவிடும். திரும்பத் தொடங்கும்போது பழைய சைஃபன் குழாயைத் தூக்கிப்போட்டுப் புதியதை வாங்குங்கள். ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி வெப்பமுள்ள வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு புள்ளி தள்ளிக் காட்டினால், உள்ளிருக்கும் தாள் நகர்ந்திருக்கும், அந்த இரண்டைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம்.